புதைக்கும் முறையை முடிவுசெய்யாமல் கொள்கலனை வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் கூபெர்க் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2044 வரையிலும் இரண்டாவது உலை 2045 வரையிலும் இயங்கத் தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி அளித்திருப்பதையொட்டித் தங்கள் வாசகர் பகுதியில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. மின்வெட்டால் தொழில் நலிந்தவர்கள் இந்த நீட்டிப்பை வரவேற்றிருக்கிறார்கள். கடற்கரையோரம் நாற்பதாண்டு ஓடிய உலையை இன்னும் இருபதாண்டு ஓட்டுவது சரியா என்று வேறு சிலர் கவலைப்பட்டிருக்கிறார்கள். உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் பயன்தீர்ந்த எரிபொருளை இறுதியில் எங்கே, எந்த வகையில் நிலத்தடியில் வைக்கப்போகிறோம் என்ற கேள்வியை இரு தரப்பாரும் தொடவில்லை. ஒரு வாசகர் மட்டும், வடக்குக் கேப்பில் வால்புட்ஸ் இருக்கிறதே, அங்கே புதைத்தால் முடிந்தது என்று ஒரே வரியில் கடந்து சென்றிருந்தார். விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் பணியிலேயே என் தொழில்வாழ்க்கை முழுவதும் கழிந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் இயலவில்லை.

வால்புட்ஸில் இன்று நடப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்பாக் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நமாக்வாலாந்தின் வறண்ட நிலத்தில், 1986 முதல் கூபெர்க்கின் குறைந்த மற்றும் நடுத்தரக் கதிரியக்கக் கழிவுகள் புதைக்கப்பட்டு வருகின்றன. பணியாளர்கள் அணிந்த கையுறைகள், மேலாடைகள், வடிகட்டிகள், நீரைச் சுத்திகரிக்கப் பயன்பட்ட பிசின்கள் போன்றவை எஃகு உருளைகளிலும் கான்கிரீட் கலங்களிலும் அடைக்கப்பட்டு, சில மீட்டர் ஆழமே உள்ள அகழிகளில் வைத்து மூடப்படுகின்றன. அவற்றின் கதிரியக்கத்தில் பெரும்பகுதி சில நூறு ஆண்டுகளில் அடங்கிவிடும் என்பதால் அதற்கு அகழி போதும். பயன்தீர்ந்த எரிபொருளை அப்படி வைக்க இயலாது. வால்புட்ஸுக்கு அதற்கான அனுமதியும் இல்லை.

கூபெர்க்கின் ஒவ்வொரு உலையிலும் 157 எரிபொருள் கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டும் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமும் அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான யுரேனியமும் கொண்டது. எரிபொருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே எடுக்கப்பட்டு நீர்த்தொட்டிக்குப் போகிறது. அங்கே பல ஆண்டுகள் ஆறியபின் ஒரு பகுதி உலர் கொள்கலன்களுக்கு மாற்றப்படுகிறது. வெளியே எடுத்த முதல் சில நூற்றாண்டுகளில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகிய இரண்டும் பெரும் வெப்பத்தையும் கடுங்கதிர்வீச்சையும் தருகின்றன. இவற்றின் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், முப்பது ஆண்டுகளை ஒட்டியது. அவை தணிந்த பிறகு புளூட்டோனியம்-239 எஞ்சுகிறது, அதன் அரை ஆயுட்காலம் 24,100 ஆண்டுகள். அதற்கும் அப்பால் அயோடின்-129 இருக்கிறது; அதன் அரை ஆயுட்காலம் ஒரு கோடியே 57 லட்சம் ஆண்டுகள், நீரில் எளிதாகக் கரையக்கூடியது, களிமண்ணில் ஒட்டாமல் நீரோடு நகரக்கூடியது. ஆகவே நிலத்தடியில் எந்த அமைப்பை வடிவமைத்தாலும் அது தொடக்கத்தில் வெப்பத்தையும், பிறகு மிக நீண்ட காலத்துக்கு நீரையும் தாங்கி நிற்க வேண்டும்.

இந்தத் தாங்குதலுக்கு உலகில் ஒரே ஒரு வடிவமைப்புதான் உண்டு என்றும், அதை வேறு நாடுகள் செய்து காட்டியபின் நாம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நம் நாட்டில் பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மறுப்பதற்காகவே இக்கடிதம். பல மாற்று வடிவமைப்புகளை நம் பாறைக்கும் நம் எரிபொருளின் அளவுக்கும் ஏற்ப இப்போதே ஒப்பிட்டு ஆராயத் தொடங்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் 53-ஆம் சட்டப்படி அமைந்த தேசியக் கதிரியக்கக் கழிவு அகற்றல் நிறுவனம் வால்புட்ஸில் மையப்படுத்தப்பட்ட இடைக்காலச் சேமிப்பகம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருக்கும் இத்தருணத்தில் அந்த ஆராய்ச்சி தொடங்காவிட்டால், முடிவுகள் நம்மைக் கேளாமலே எடுக்கப்பட்டுவிடும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, முதலில் அந்த வடிவமைப்புகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும்.

எல்லாரும் எடுத்துக்காட்டும் வடிவமைப்பு சுவீடனுடையது. கேபிஎஸ்-3 என்று அதற்குப் பெயர். எரிபொருள் கட்டுகளை வார்ப்பிரும்புச் சட்டத்தில் வைத்து, அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செம்பு உறையிட்டு மூடிய கலம்தான் அதன் உள்ளம். கலம் ஒன்று ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் விட்டமும் கொண்டது, 25 டன் எடையுள்ளது, நம் கூபெர்க் வகைக் கட்டுகளில் நான்கைக் கொள்ளும். சுமார் 500 மீட்டர் ஆழத்தில் கடினப் பாறையில் குடைந்த சுரங்கப்பாதையின் தரையில் குழி தோண்டி, கலத்தைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் அழுத்திய பென்டோனைட் களிமண் கட்டிகளை அடுக்குகிறார்கள். ஊறிய வெந்தயம் பருத்துப் பாத்திரத்தை அடைத்துக்கொள்வதுபோல இந்தக் களிமண் பாறை வழியே கசியும் நீரை உறிஞ்சிப் பருத்து, இடைவெளிகளையெல்லாம் அடைத்து, கலத்தை நோக்கி நீர் ஓடாதபடி இறுக்கிவிடுகிறது. களிமண்ணின் இயல்பு கெடாதிருக்க வெப்பம் 100 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதற்காக எரிபொருளை முன்னதாக முப்பது நாற்பது ஆண்டுகள் ஆறவைக்கிறார்கள், கலங்களுக்கிடையே பல மீட்டர் இடைவெளியும் விடுகிறார்கள்.

இந்த வடிவமைப்பு பிறந்த விதம்தான் நமக்கு முக்கியமான பாடம். 1977-இல் சுவீடன் ஒரு சட்டம் இயற்றியது. கழிவை முழுப் பாதுகாப்புடன் எங்கே, எப்படி வைக்கப்போகிறீர்கள் என்று காட்டினால் ஒழியப் புதிய உலைகளில் எரிபொருள் ஏற்ற அனுமதியில்லை என்றது அச்சட்டம். அந்த நெருக்கடியில்தான் மின் நிறுவனங்கள் ஒன்றுகூடி வடிவமைப்புகளை வரையத் தொடங்கின. மூன்றாவதாக 1983-இல் வெளிவந்ததே இன்றைய வடிவத்தின் அடிப்படை. அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் மாற்று முறைகளை ஒப்பிடும் தனி ஆய்வொன்றை நடத்தி, நெடுந்தொலைவு செல்லும் கிடைத்துளைகள், நடுத்தர நீளக் கிடைத்துளைகள், பல கிலோமீட்டர் ஆழமுள்ள செங்குத்துத் துளைகள் ஆகியவற்றைத் தங்கள் முறையோடு பக்கம் பக்கமாக வைத்து எடைபோட்டார்கள். கலங்களைச் செங்குத்தாக நிறுத்தாமல் கிடையாகப் படுக்கவைக்கும் மாற்றத்தையும் பின்லாந்துக்காரர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். செம்பு உறை கணக்கிட்டதைவிட வேகமாக அரிக்கப்படலாம் என்று ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் சிலர் 2007-இல் கேள்வி எழுப்பினார்கள். 2018-இல் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அந்தச் சந்தேகம் தீராமல் ஒப்புதல் தரவேண்டாம் என்று அரசுக்கு அறிவுரை சொன்னது. மேலும் ஆய்வறிக்கைகள் சமர்ப்பிக்கப்பட்ட பின்னரே 2022 ஜனவரியில் அரசு அனுமதி கொடுத்தது. புதைப்பிடமாகத் தேர்ந்த ஃபோர்ஸ்மார்க்கில் கட்டுமானம் 2025-இல்தான் தொடங்கியது. சட்டத்திலிருந்து மண்வெட்டி வரை 48 ஆண்டுகள். அதே வடிவமைப்பை எடுத்துக்கொண்ட பின்லாந்து, ஓல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் கீழே தன் புதைப்பிடத்தைக் கட்டி முடித்துச் சோதனை ஓட்டம் வரை வந்துவிட்டது.

இப்போது நம் பக்கம் வருவோம். நமாக்வாலாந்தின் அடிப்பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய நைஸ் பாறை. கடினப் பாறை என்ற அளவில் சுவீடனின் பாறையோடு ஒப்பிடத் தக்கது. ஆனால் கேபிஎஸ்-3 முறையில் பாதுகாப்பின் பாதிப் பொறுப்பைச் சுமக்கும் பென்டோனைட் களிமண், நனைந்தால்தான் வேலை செய்யும். ஃபோர்ஸ்மார்க்கின் பாறையிலேயே நீர்க்கசிவு மிகக் குறைவு என்பதால் களிமண் முழுவதும் நனைய நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில குழிகளில் அதற்கும் மேல் ஆகும் என்கிறார்கள். மழையே அரிதான நமாக்வாலாந்தில் எந்த ஆழத்தில் நீர் தொடங்குகிறது, அது எவ்வளவு உப்பானது, எந்த வேகத்தில் நகர்கிறது என்பவற்றைப் பொறுத்து அந்தக் காலம் இன்னும் நீளலாம். காய்ந்த களிமண் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கலத்தின் மேற்பரப்பு கூடுதலாகச் சூடாகும். அதைத் தவிர்க்க இடைவெளியைக் கூட்டினால் சுரங்கப்பாதையின் நீளமும் செலவும் கூடும். மிகையான உப்புநீர் களிமண்ணின் பருக்கும் ஆற்றலையும் குறைத்துவிடும். ஆக, வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து விரிப்பதற்கு முன் நம் பாறையின் நீரை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆழத்து நீரைப் பற்றி இந்நாட்டுச் சுரங்கங்கள் உலகுக்குச் சொன்ன செய்திகள் சிறியவை அல்ல. ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கேயுள்ள ம்போனெங் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைவெடிப்பிலிருந்து எடுத்த நீரில், சூரிய ஒளியையே சாராத பாக்டீரியா ஒன்று ஏறத்தாழத் தனித்து வாழ்வதை 2006-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த நீர் பல லட்சக்கணக்கான ஆண்டுகளாக மேற்பரப்போடு தொடர்பற்றுக் கிடந்தது. 2022-இல் மோவாப் கோட்சோங் சுரங்கத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழத்து நீர் 120 கோடி ஆண்டுப் பழமையானது என்று கணக்கிட்டார்கள். இவ்வளவு காலம் ஒரு வெடிப்புக்குள் நீர் நகராமல் இருந்திருக்கிறது என்றால், அந்த ஆழத்தில் வைக்கப்படும் பொருளும் நகராமல் இருக்க வாய்ப்புண்டு என்று நம்புவதற்கு அது வலுவான ஆதாரம். அதேவேளை, ம்போனெங்கின் அந்தப் பாக்டீரியா வாழும் முறை எச்சரிக்கையும் தருகிறது. யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனை உணவாகக் கொண்டு, சல்பேட்டைச் சல்பைடாக மாற்றி அது உயிர்வாழ்கிறது. செம்பை ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் அரிக்கக்கூடிய முதன்மைப் பொருள் சல்பைடுதான். சுவீடனின் பாதுகாப்புக் கணக்குகளில் இந்தச் சல்பைடு அரிப்புக்குப் பெரும் இடம் உண்டு. நுண்ணுயிர்கள் பெருகாதபடி களிமண்ணை மிக இறுக்கமாக அடைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நம் ஆழத்துப் பாறைநீரில் சல்பேட்டும் நுண்ணுயிர்களும் எவ்வளவு என்று அளக்காமல், செம்பு நமக்கு ஏற்றதா, எஃகும் கான்கிரீட்டும் ஏற்றதா, வேறு உலோகக் கலவை வேண்டுமா என்று எவரும் சொல்ல முடியாது.

குறைந்த ஆழத்து நீரைப் பற்றியும் இதே நிலம் வேறொரு பாடம் கற்பித்திருக்கிறது. இறைப்பு நின்ற மேற்கு ராண்ட் சுரங்கங்களில் நீர் மெல்ல மெல்ல ஏறி, 2002-இல் குரூகர்ஸ்டார்ப் அருகே அமிலமும் உலோகங்களும் யுரேனியமும் கலந்து வெளியே வழியத் தொடங்கியது. நிலத்தில் நாம் குடைந்த எந்த வெற்றிடமும் காலியாக இருக்காது, அதை நீர் நிரப்பியே தீரும் என்பதைப் பல்லாண்டுக் காலம் பம்புகளோடு வாழ்ந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். எனவேதான் சுரங்கப்பாதை முறையில் குடைவதைவிட, குடைந்ததை எப்படி மீண்டும் அடைப்பது என்பதே கடினமான பொறியியல் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கோணத்தில் பார்க்கும்போது ஆழ்துளை முறை தனிக் கவனத்துக்கு உரியது. மனிதர் இறங்கத் தேவையில்லாத ஒடுங்கிய துளையை ஐந்து கிலோமீட்டர் வரை துளைத்து, அதன் அடிப்பகுதி இரண்டு கிலோமீட்டரில் கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலேயுள்ள மூன்று கிலோமீட்டரைக் களிமண்ணாலும் சிமெண்டாலும் பிற பொருள்களாலும் அடைப்பது அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் விரிவாக வரைந்த வடிவம். துளையைச் செங்குத்தாக இறக்கி, பிறகு கிடையாகத் திருப்பி, எண்ணெய்த் தொழிலின் முறையில் நெடுந்தூரம் கொண்டுசெல்லும் மாற்று வடிவமும் உண்டு. கலம் ஒன்றை அவ்வாறு இறக்கித் திரும்ப எடுத்தும் 2019-இல் டெக்சஸில் செய்துகாட்டினார்கள், கதிரியக்கப் பொருள் ஏதும் இல்லாமல். பெரும் சுரங்கம் வேண்டாம், குடையும் வெற்றிடம் மிகச் சிறிது, ஆழத்து உப்புநீர் கனமானதால் மேலே ஏற மனமில்லாமல் கிடக்கும் என்பவை இதன் சிறப்புகள். இரண்டே உலைகளின் எரிபொருளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுக்குப் பல்லாயிரம் கோடி செலவில் சுரங்க நகரம் கட்டுவதைவிட இது பொருந்தக்கூடும் என்று தோன்றுவது இயல்பே. குறைகளும் சிறியவை அல்ல. கூபெர்க் வகைக் கட்டு ஒன்றின் மூலைக்கு மூலை அளவே 30 சென்டிமீட்டர். அதற்குக் கலமும் உறைக்குழாயும் சேர்த்தால் துளையின் அடியிலேயே 40 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் வேண்டும், அவ்வளவு அகலமான துளையைக் கடினப் பாறையில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுசெல்வது எளிதன்று. கலம் பாதி வழியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு முழுமையான விடை இல்லை. பின்வரும் தலைமுறை திரும்ப எடுக்க விரும்பினால் அதற்கும் வழி மிகக் குறைவு.

இதில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல என்பதை நம்மவர் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தம். மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்பட்டுத் தீர்ந்த சிறிய, மூடிய கதிரியக்க மூலங்களை ஒடுங்கிய ஆழ்துளையில் நிரந்தரமாக வைக்கும் முறையை, பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆப்பிரிக்கத் திட்டத்தின்கீழ் முதலில் வடிவமைத்தவர்கள் பெலிண்டாபாவில் உள்ள நம் அணுசக்திக் கழகத்தின் விஞ்ஞானிகள்தாம். அம்முறையை மலேசியாவும் கானாவும் மேற்கொண்டன. அந்தத் துளைகள் ஆழம் குறைந்தவை, மூலங்களும் எரிபொருளோடு ஒப்பிட முடியாத அளவு சிறியவை. ஆயினும் கலம், உறைக்குழாய், சிமெண்டு அடைப்பு, பாதுகாப்புக் கணக்கு ஆகிய எல்லாவற்றையும் சொந்தமாகச் சிந்தித்துச் செய்த அனுபவம் இந்நாட்டில் இருக்கிறது. அதோடு உலகின் மிக ஆழமான சுரங்கங்களைத் தோண்டிய பாறையியல் அறிவும் இங்கேதான் இருக்கிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அவை நம் நிலத்துக்கு அவ்வளவு நெருக்கமானவை அல்ல. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் இயற்கைக் களிமண் பாறையைத் தேர்ந்திருக்கின்றன. பெல்ஜியம் எஃகுக் கலத்தைத் தடித்த கான்கிரீட்டுக்குள் வைத்து இளங்களிமண்ணில் புதைக்கும் வடிவத்தை ஆராய்கிறது. உப்புப் பாறையில் கழிவு புதைத்த ஜெர்மனியின் அசே சுரங்கம் கசியும் உப்புநீரால் பெருஞ்சுமையாகிவிட்டது. நியூ மெக்சிகோவின் உப்புப் புதைப்பிடம் 2014-இல் ஒரே ஓர் உருளை வெடித்ததால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்தது, அதுவும் உருளைக்குள் தவறான உறிஞ்சுபொருளைப் போட்டதால் நேர்ந்த விபத்து. கனடா மட்டும் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய நாடு: சுவீடனின் 5 சென்டிமீட்டர் செம்புக்குப் பதிலாக எஃகுக் கலத்தின்மேல் வெறும் 3 மில்லிமீட்டர் செம்பைப் பூசி, கலத்தையும் களிமண்ணையும் ஒரே பெட்டியாகச் சேர்த்து இறக்கும் வடிவத்தைத் தன் எரிபொருளின் சிறிய அளவுக்கேற்ப அது உருவாக்கியிருக்கிறது. அடிப்படைக் கருத்தை எடுத்துக்கொண்டு உருவத்தைத் தன் தேவைக்கு மாற்றுவது எப்படி என்பதற்கு அதுவே நல்ல சான்று.

இனி, இப்போதே என்று ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். கூபெர்க்கில் உள்ள வகை உலர் கொள்கலன் ஒன்று சுமார் 30 எரிபொருள் கட்டுகளைக் கொள்ளும். நிரம்பியபின் அதன் எடை நூறு டன்னைத் தாண்டும். சுவீடன் முறைக் கலம் நான்கு கட்டுகளைக் கொள்ளும். ஆழ்துளைக் கலம் ஒன்றே ஒன்றைக் கொள்ளும். முப்பது கட்டுகளின் வெப்பத்தை ஒரே இடத்தில் தாங்கும் களிமண் இல்லை என்பதாலும், அவ்வளவு பெரிய கலத்தை இறக்கும் வழியை அமைப்பது பெரும்பாடு என்பதாலும், பெரிய கொள்கலனில் அடைத்த எரிபொருளை என்றாவது ஒருநாள் மீண்டும் திறந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிறிய கலங்களுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்குத் தடித்த சுவர்களும் தொலைவிலிருந்து இயங்கும் கருவிகளும் கொண்ட தனி ஆலை தேவை. அந்த ஆலை எங்கே அமையும்? கூபெர்க்கிலா, 600 கிலோமீட்டர் அப்பால் வால்புட்ஸிலா? ஐம்பது அறுபது ஆண்டு உள்ளே கிடந்த கட்டுகளிலுள்ள எரிபொருள் கோல்களின் உறை உறுதியாக இருக்கிறதா என்று அப்போது யார் சோதிப்பார்கள்? கூபெர்க் மூடப்பட்டு அதன் நீர்த்தொட்டி அகற்றப்பட்டபின் கொள்கலனைத் திறக்கவே இடமில்லாமல் போய்விடும். புதைக்கும் வடிவம் எது என்று தோராயமாகவேனும் தெரிந்தால்தான், இன்று வாங்கும் கொள்கலனுக்குள் பின்னாளில் அப்படியே எடுத்துப் புதைக்கக்கூடிய சிறு கலங்களை வைக்க வழி உண்டா, வைத்தால் செலவு எவ்வளவு கூடும், பின்னால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிட முடியும். அந்தக் கணக்கைப் போடாமல் கொள்கலன்களுக்கும் சேமிப்பகத்துக்கும் ஒப்பந்தம் போடுவது வாசற்கால் அளவு தெரியாமல் கட்டில் செய்வதைவிட மோசம் என்பேன். இங்கே கட்டிலை அறுத்துச் சிறிதாக்கவும் முடியாது.

மேலும், இடைக்காலச் சேமிப்பகம் என்ற பெயரில் நிலத்தின் மேல் கொள்கலன்களை வரிசையாக நிறுத்திவிட்டால், இறுதி வடிவமைப்பை ஆராயும் அவசரம் அரசுக்கு அற்றுப்போகும். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த கதிரியக்கக் கழிவுக் கொள்கை, நிலத்தின்மேல் நெடுங்காலச் சேமிப்பு, மறுசுழற்சி, ஆழ்நிலப் புதைப்பு, நீண்டகாலக் கதிரியக்கப் பொருள்களைக் குறுகியகாலப் பொருள்களாக்கும் அணுமாற்றம் ஆகிய வழிகளையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொன்னது. அதற்கான நிதியம் ஒன்றையும் நிறுவச் சொன்னது. அது வெளிவந்து இருபதாண்டுகள் ஆகிவிட்டன. கொள்கலன்களுக்குக் காவல், பழுதுபார்ப்பு, கதிர்வீச்சு அளவீடு என்று இடையறாத கவனிப்பு வேண்டும்; நூறாண்டுகளுக்கு அந்தக் கவனிப்பு ஓர் ஆண்டுகூடத் தவறாது என்று எந்த நாட்டு அரசாலும் உறுதி சொல்ல முடியாது. புதிய உலைகள் பற்றிய பேச்சும் மீண்டும் எழுந்திருக்கிறது. 2010-இல் நின்றுபோன கூழாங்கல் வகை உலைத் திட்டம் உயிர்பெற்றால், கிராஃபைட் உருண்டைகளாக வரும் அந்த எரிபொருளுக்குக் கூபெர்க் கட்டுகளுக்கானதிலிருந்து வேறான கலமும் வேறான கணக்கும் தேவைப்படும். சுவீடன் 1977-இல் விதித்த நிபந்தனையைப் போல, எந்தப் புதிய உலைக்கும் அனுமதி தருவதற்கு முன் புதைப்பு வடிவமைப்பைக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கையே.

ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது என்றால், அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. சுவீடன்காரர்கள் முதன்முதலில் புதிதாக எதையும் தோண்டவில்லை. ஸ்ட்ரிபா என்னும் இடத்தில் இரும்புத்தாது தீர்ந்துபோன பழைய சுரங்கத்தை 1970களின் பிற்பகுதியிலிருந்து 1992 வரை ஆய்வகமாகப் பயன்படுத்தி, பாறைக்குள் சூடேற்றிகளை வைத்துப் பார்த்தார்கள், வெடிப்புகளில் நீர் ஓடும் வேகத்தை அளந்தார்கள், களிமண் அடைப்புகளைச் சோதித்தார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கே வந்து கற்றார்கள். நம் நாட்டில் உற்பத்தி நின்றுவிட்ட, ஆனால் இன்னும் நீரில் மூழ்காத கடினப்பாறைச் சுரங்கங்கள் உண்டு. வேலையிழந்த தேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் உண்டு. கதிரியக்கப் பொருள் ஒரு துளியும் கொண்டுசெல்லாமல், மின்சூடேற்றியும் களிமண்ணும் அளவுகருவிகளும் மட்டுமே வைத்து ஒரு மட்டத்தில் ஆய்வைத் தொடங்கலாம். அந்த இடமே புதைப்பிடமாகிவிடாது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும், ஸ்ட்ரிபாவும் புதைப்பிடமாக ஆகவில்லை. நமாக்வாலாந்தின் நைஸ் பாறையில் ஓரிரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத்துளைகள் இட்டு, பாறைநீரின் வயதையும் உப்பையும் சல்பேட்டையும் நுண்ணுயிர்களையும் அளப்பது அதற்கு இணையாக நடக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பொறியாளர்கள் மட்டும் பூட்டிய அறையில் முடிவுசெய்துவிடலாகாது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வால்புட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட 1980களின் தொடக்கத்தில் அப்பகுதி மக்களில் பெரும்பான்மையோருக்கு வாக்குரிமையே கிடையாது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான நாமா மக்களை யாரும் கேட்கவில்லை. அதே காலத்தில், 1980-இல், டர்பனின் கிளேர் எஸ்டேட்டில் இந்தியர் வீடுகளுக்கு நடுவே பிசாசர் சாலைக் குப்பைக்கிடங்கு திறக்கப்பட்டு, மூடுவோம் என்ற வாக்குறுதி காற்றில் போய், பல பத்தாண்டுகள் அங்கே குப்பை கொட்டப்பட்டது. தன் வீட்டருகே இதை அனுபவித்த சமூகம், நமாக்வாலாந்து பாலைதானே, யாருக்கு என்ன நட்டம் என்று சொல்லக் கூடாது. அமெரிக்க நாடாளுமன்றம் 1987-இல் நெவாடாவின் யூக்கா மலையைத் தன்னிச்சையாகப் புதைப்பிடத்துக்கான ஒரே இடமாகக் குறித்தது, பல்லாண்டு உழைப்புக்கும் பெரும்பணச் செலவுக்கும் பிறகு அத்திட்டம் நின்றுபோனது. கழிவே இல்லாத வெறும் ஆழ்துளைச் சோதனையைக்கூட 2016-இல் வடக்கு டகோட்டா மக்கள் மறுத்துவிட்டார்கள், தங்களிடம் முன்கூட்டிப் பேசவில்லை என்பதே அவர்கள் குறை; அடுத்த ஆண்டு அத்திட்டமே கைவிடப்பட்டது. சுவீடனிலோ ஃபோர்ஸ்மார்க் அமைந்துள்ள ஓஸ்ட்ஹம்மர் ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை இருந்தது. பல்லாண்டு கேள்விகள் கேட்டு, தனக்கென ஆலோசகர்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்து, 2020 அக்டோபரில் அது இசைவளித்தது. கனடாவிலும் ஊராரும் முதற்குடியினரும் இசைந்த பிறகே 2024 நவம்பரில் இடம் அறிவிக்கப்பட்டது. மறுக்கும் உரிமை உண்மையாகவே இருக்குமானால்தான் மாற்று வடிவமைப்புகளை ஒப்பிடுவதற்கும் பொருள் இருக்கும். சுரங்கப்பாதையா, ஆழ்துளையா, திரும்ப எடுக்கும் வசதி நூறாண்டுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பவை அந்த நிலத்தில் வாழ்பவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளை நினைத்துச் சொல்ல வேண்டிய விடைகளும் ஆகும். பிரான்சு தன் சட்டத்திலேயே புதைப்பு முடிவை மாற்றித் திரும்ப எடுக்கும் வாய்ப்பு நூறாண்டுக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது அத்தகைய விவாதத்துக்குப் பிறகுதான்.

ஆகவே கதிரியக்கக் கழிவு அகற்றல் நிறுவனத்திடம் நான் பகிரங்கமாகக் கேட்பது: இடைக்காலச் சேமிப்பகத்துக்கான கொள்கலன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், சுவீடன் முறை, அதன் கிடைவடிவம், கனடா வகைச் சிறுகலம், செங்குத்து மற்றும் கிடை ஆழ்துளைகள் ஆகியவற்றை நம் எரிபொருளின் அளவோடும் நம் பாறையோடும் ஒப்பிட்ட அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும், ஒவ்வொன்றிலும் எரிபொருளை எத்தனை முறை கையாள வேண்டியிருக்கும், எங்கே மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த அறிக்கை ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் ஆஃப்ரிகான்ஸிலும் நாமா மொழியிலும் வெளிவர வேண்டும்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. ஒழுங்குமுறை ஆணையம் இந்தச் சேமிப்பகம் பற்றிப் பொதுவிசாரணை அறிவிக்கும்போது, அதன் தேதியையும் கருத்துகளை அனுப்பும் கடைசி நாளையும் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் தமிழில் வெளியிடுங்கள். லெனேசியாவிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ரைலண்ட்ஸிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் அதைப் படித்துக் காட்டி, தம் உறுப்பினர்கள் எழுதும் கருத்துகளைத் திரட்டி அனுப்ப முன்வந்தால், தொழில்நுட்பப் பகுதிகளை விளக்கி உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சுரங்க நீர்ப் பொறியாளர்,
லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்.